ஆம்பளைக்கு எதுக்கு ஆபரேஷன்?

இரண்டாவது மகள் பிறந்த அன்றே இந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். சிசேரியன். அதோடு சேர்த்து மனைவிக்குக் குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது, நான் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டேன். அடுத்தவர் வயிற்றுக்குக் கையெழுத்துப் போடுவது அவ்வளவு சுலபம். ஆனால் ஆபரேஷன் மேசையில் அவளுக்கு ரத்தக் கொதிப்பு எகிறிவிட்டது. தாயும் பிள்ளையும் பத்திரமாக வெளியே வந்ததே போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா தையலைப் போட்டு அனுப்பிவிட்டார்.

அந்த ‘அப்புறம்’ சில வருஷங்கள் எங்கள் வீட்டிலேயே குடியிருந்தது.

முதலில் காப்பர் டி வைத்துப் பார்த்தாள். மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு, மீதி நாள் அடிவயிற்று வலி. எடுத்துவிட்டார்கள். மாத்திரை போடலாமா என்றால், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது என்றார்கள். ஆக, மிச்சமிருந்த ஆணுறை இலாகா என் பொறுப்புக்கு வந்தது. எங்கள் ஊர் மெடிக்கலில் இருப்பவர் எனக்குச் சித்தப்பா முறை. அவரிடம் போய் எப்படிக் கேட்பது? அதனால் கும்பகோணத்துக்கு பஸ் ஏறிப் போவேன். நான் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். காப்பர் கம்பி வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவது வழக்கம். நடவு நேரத்தில் கடையில் வேலை குவிந்து கும்பகோணம் போக முடியாமல் போனால், வீட்டில் கையிருப்பு தீர்ந்துவிடும். அப்படியொரு நடவு நேரத்தில்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

ஒரு வாரம் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். காலையில் போவாள், சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மருமகள் சோற்றைத் தள்ளி வைப்பதைப் பார்த்த என் அம்மாவுக்கோ ஒரே உற்சாகம். கேட்காமலேயே மாங்காய் வெட்டி வைத்தாள். இந்தத் தடவை பையன்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்லியும் விட்டாள். வார முடிவில், வெறும் தள்ளிப்போனதுதான் என்று தெரிந்தது. அம்மா அந்த மாங்காயை ஊறுகாய் போட்டாள்.

அன்று சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “பிள்ளையும் நான் சுமந்தாச்சு, காப்பர் டியையும் சுமந்தாச்சு. இனிமே நீங்க போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்துருங்க.”

ரேஷன் கடைக்குப் போய்விட்டு வரச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். யோசிக்கிறேன் என்றேன்.

யோசித்தேன். குறுவை அறுப்பு முடியட்டும் என்று யோசித்தேன். முடிந்ததும் சம்பா நாற்றங்கால் வந்தது. அப்புறம் அடைமழை, ஈரத்தில் தையல் ஆறாது என்று நானே முடிவு கட்டினேன். பொங்கல் நேரத்தில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா? கோடையில் சரி என்றால், கோடையில் வியர்வை. ஆண் மகன் ஒருவன் அந்த ஆபரேஷனுக்குப் போவதற்கு ஏற்ற பருவம் இந்தக் காவிரிப் பாசனப் பகுதியில் கிடையாது என்று கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. அவள் பிரசவத்துக்கு யாரும் பருவம் பார்க்கவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் ஊர் அபிப்பிராயமும் கேட்டேன். என் கடை பெஞ்சில் எப்போதும் இரண்டு மூன்று பேர் மோட்டார் சரியாகும்வரை உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்தவர் ஒருவர் இந்த ஆபரேஷன் செய்துகொள்ள யோசிக்கிறார், உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று பொதுவாக ஆரம்பித்தேன். அறுவடை மிஷின் ஓட்டும் நண்பர் ஒருவர் உடனே கையை ஆட்டினார். வேண்டவே வேண்டாமாம். அவருக்குத் தெரிந்த ஓர் ஆள் செய்துகொண்டு, அதன்பிறகு அரை மூட்டை நெல்லைக்கூடத் தூக்க முடியாமல் போனாராம். யார் அந்த ஆள் என்று கேட்டேன். அவருடைய மச்சானுக்குத் தெரிந்தவர் என்றார். இன்னொருவர், குரல் மெலிந்துவிடும் என்றார். அவருக்கும் அப்படி மெலிந்த குரலை நேரில் கேட்ட அனுபவம் இல்லை. மூன்றாவது ஆள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்தத் தெரிஞ்சவருக்கு ரெண்டும் பொண்ணாண்ணே?” என்று கேட்டார். நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதுபோல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

பெஞ்சில் பேசியது வீட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த நாள் காலை அம்மா கூடத்தில் என்னை உட்கார வைத்தாள். வயலில் இறங்கி வேலை செய்கிற உடம்பில் கத்தி படலாமா என்று கேட்டாள். நான் வயலில் இறங்கி வருஷக்கணக்காகிறது. உழுவது டிராக்டர், நடுவது ஆட்கள், அறுப்பது மிஷின். வரப்பில் நின்று போனில் பேசுவது மட்டும்தான் என் விவசாயம். மருமகளே லீவு போட்டுவிட்டுச் செய்துகொள்ளட்டும் என்றாள். அவளுக்குள்ள ரத்தக் கொதிப்பை எடுத்துச் சொன்னேன். அம்மா குரலைத் தணித்துக்கொண்டாள்.

“மனுஷ வாழ்க்கையில எது எப்ப நடக்கும்னு யாருடா கண்டா? நீ ஆம்பள. நாளைக்கு ஒனக்கு ஒரு வழி இருக்கணும்ல.”

என்ன வழி என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த ஒரு வாக்கியத்துக்குள் என் மனைவி காலமாகி, எனக்கு இரண்டாம் கல்யாணம் முடிந்து, பேரனுக்குக் காதும் குத்தியாகிவிட்டது.

மனைவி அடுப்படியில் இருந்தாள். எங்கள் வீட்டுக்கு மொத்தமே இரண்டு சுவர்தான் குறுக்கே. காபியைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்:

“அத்தை, நான் போனப்பறம் வர்றவளுக்கும் ரெண்டும் பொண்ணாப் பொறந்தா என்ன பண்றதா உத்தேசம்?”

அம்மா காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தாள். மத்தியானமாக என் மாமனாருக்கு போன் போட்டாள். பெண்ணைப் பெற்றவர் வந்து புத்தி சொன்னால்தான் இது நிற்கும் என்று அவளுக்கு நம்பிக்கை.

மாமனார் பூம்புகார்ப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் செய்கிறவர். பெரிய மீசை. வயது எழுபதை நெருங்குகிறது என்று பார்த்தால் சொல்ல முடியாது. மாமியாரையும் கூட்டிக்கொண்டு, ஒரு சாக்குத் தேங்காயோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு எதிரே போனேன். வேண்டாம் என்று சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வீடுவரை நடந்தே வந்தார். ஊரில் பார்த்தவர்கள் எல்லோரும் வியந்தார்கள். சாக்கை இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

ஆண் என்றால் உடம்பில் ஒரு முறுக்கு இருக்க வேண்டுமாம். அந்த நரம்பை வெட்டிவிட்டால் முறுக்கு இறங்கிவிடுமாம். இந்த வயதிலும் தான் மூட்டை தூக்குவது எதனால் என்று என்னைக் கேட்டு, அதற்குப் பதிலும் அவரே சொன்னார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் மருமகனுக்குரிய மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மாமனாரே தடுத்துவிட்டார் என்றால் மனைவியிடம் அதற்குமேல் பெரிய காரணம் எது வேண்டும்?

மாமியார் கூடத்து ஓரத்தில் என் மனைவியோடு சேர்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷி. உரித்ததைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“இந்தத் தேங்கா மூட்டைய யாரு தூக்கியாந்தா?”

“நாந்தான். நீதான் கூடவே வந்தியே” என்றார் மாமனார்.

“அப்பறம் என்ன, முறுக்கெல்லாம் எங்கயும் போவல. நீங்க பண்ணிக்கிட்டு இத்தன வருஷம் கழிச்சும் மூட்ட தூக்குறீங்கல்ல. மாப்ளையும் தூக்குவாங்க.”

என் மனைவி வெங்காயத்தைக் கையில் வைத்தபடியே அப்பாவைப் பார்த்தாள். மாமனார் மீசையைத் தடவ ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

மாமியார் வெங்காயத்தைத் தொடர்ந்து உரித்துக்கொண்டே முழுக் கதையையும் சொன்னார். என் மைத்துனன் பிறந்த சமயம் அவருக்குக் கடுமையான இளைப்பு. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மயக்க மருந்து கொடுக்க டாக்டர்கள் பயந்தார்கள். மாமனார் யாருக்கும் தெரியாமல் மாயவரம் ஆஸ்பத்திரியில் தானே செய்துகொண்டு வந்தார். வந்த கையோடு, வெளியே தெரிந்தால் ஊரில் தலை காட்ட முடியாது என்று மாமியாரிடம் கெஞ்சியிருக்கிறார். அதனால் ஆபரேஷன் மாமியாருக்கு நடந்ததாக ஊருக்குச் சொல்லப்பட்டது. ஒன்றுமே ஆகாத மாமியார் பாயில் படுத்துக்கொண்டார். நாத்தனார்கள் ஹார்லிக்ஸும் ரொட்டியுமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தையல் போட்டுக்கொண்ட மாமனார் காலை அகட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். கேட்டவர்களிடம் தொடையில் கட்டி என்று சொன்னாராம்.

“அவரு வலிய முழுங்கிக்கிட்டு நடவு பாத்தாரு. நான் நல்ல ஒடம்ப வச்சுக்கிட்டு, திரும்பிப் படுக்கக்கூட பயந்துகிட்டுக் கெடந்தேன்” என்றார் மாமியார்.

“ஒரு வாரம் நல்லாத்தான சாப்ட்ட” என்றார் மாமனார். அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

பிறகு தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, மேட்டூரில் இப்போது எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று என் அம்மாவிடம் விசாரித்தார். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? மத்தியானச் சாப்பாட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாயங்காலம் பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். மாமியாரை முன்னால் நடக்க விட்டு, மாமனார் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“ஒரு வாரத்துக்கு வண்டி மட்டும் ஓட்டாதீங்க மாப்ள. நான் சைக்கிள்ல போயி பட்டது எனக்குத்தான் தெரியும்.”

அதற்குமேல் யோசிப்பதற்கு எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. எங்கள் ஊருக்கு வரும் சுகாதார நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் மனைவி பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், என்றைக்கு அழைத்துவர முடியும் என்று கேட்டார். அவளுக்கு இல்லை, எனக்கு என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்று என் வீட்டார் முகத்தில்கூட நான் பார்த்ததில்லை. உடனே யாருக்கோ போன் செய்து, “சார், ஒரு ஆண் கெடச்சிருக்காரு” என்றார். நான் மனம் மாறி ஓடிவிடுவேனோ என்று, குறித்த நாளில் காலையிலேயே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி முடியாது. பிரசவ வார்டு வாசலில் வலியோடு நின்ற பெண்களுக்கு உட்கார நாற்காலி இல்லை. எனக்கு மின்விசிறிக்கு நேரே நாற்காலி போட்டார்கள். நர்ஸுகள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டார். இரண்டு பிள்ளைகளைச் சுமந்து பெற்றபோது என் மனைவிக்கு ஒரு வாய் டீ கொடுத்தவர் யாரும் இல்லை. அவள் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

டாக்டர் சின்ன வயதுக்காரர், நிதானமானவர். நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். கத்தியால் கீறுவது இல்லை, சின்னத் துளை மட்டும்தான். மரத்துப்போக ஊசி போட்டுவிடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். தாம்பத்தியத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ஆனால் உடனே பலன் கிடையாது. மூன்று மாதம் கழித்துச் சோதனை செய்து, விந்தில் உயிரணு இல்லை என்று தெரியும்வரை பழைய எச்சரிக்கை தொடர வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார்.

“பின்னால திருப்பிச் சேத்துக்கலாம்ங்கிற நெனப்போட வராதீங்க. சேக்கலாம், ஆனா கொழந்த பொறக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இத நான் கேட்டுத்தான் ஆகணும். உங்க பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னாகூட உங்க முடிவு இதேதானா?”

பெஞ்சில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. மூட்டை, குரல், முறுக்கு என்று ஒரு வருஷம் பேசியவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பெரியவள் அன்று காலை ஷூ நாடாவைக் கட்டத் தெரியாமல் காலை நீட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் வெளியே இருந்துவிட்டு வருகிறோம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் தாராளமாக என்றார்.

வேப்பமரத்தடிச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தோம். நர்ஸ் தூரத்திலிருந்து கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி புடவையில் விழுந்த வேப்பிலையைத் தட்டிவிட்டாள். பிறகு சொன்னாள்:

“அவளுங்க எடத்துல வேற யாரு வந்தாலும் அது அவளுங்க ஆவாது. எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா உங்களுக்குப் பயமா இருந்தா சொல்லுங்க, வீட்டுக்குப் போயிருவோம். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

ஒரு வருஷமாக என்னைப் போகச் சொன்னவள், இப்போது திரும்பிப் போகவும் சம்மதம் என்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வாரம் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளே, அந்தப் பயத்துக்கு முன்னால் இது எம்மாத்திரம் என்று பட்டது. எழுந்து உள்ளே போனேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊசி சுருக்கென்று இருந்தது. பிறகு யாரோ எங்கோ இழுப்பதுபோல ஓர் உணர்வு. என் பயத்தை மாற்றுவதற்காகவோ என்னவோ, என்ன தொழில் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அவருடைய அப்பாவுக்கும் வயல் இருக்கிறதாம். போர் மோட்டார் அடிக்கடி சூடாகி நின்றுவிடுகிறதாம். அந்த நிலையில் படுத்துக்கொண்டு நான் லோ வோல்டேஜைப் பற்றியும் கெப்பாசிட்டரைப் பற்றியும் விளக்கினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் வேலையை முடித்துவிட்டார்.

இரண்டு நாள் மந்தமான வலி இருந்தது, லேசான வீக்கம். ஐஸ் ஒத்தடம் கொடுத்தேன். நான் கட்டிலில் படுத்திருந்தேன். மனைவி வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் தெருப் பெண்கள் பழமும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள், அவளைப் பார்க்க. ஆபரேஷன் பண்ணிக்கொண்டு இப்படி ஓடியாடுகிறாயே என்று அவளைக் கடிந்துகொண்டார்கள். ஆபரேஷன் எனக்குத்தான் என்று கட்டிலிலிருந்து குரல் கொடுத்தேன். நல்ல வேடிக்கை என்று சிரித்தார்கள். கடை பெஞ்சிலும் அதே கதைதான். அம்மா மட்டும் உண்மை தெரிந்தும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஹார்லிக்ஸைக் கலக்கி என்னிடம்தான் கொடுத்தாள்.

மூன்று மாதம் ஆனதும் கும்பகோணத்தில் ஒரு லேபில் சோதனைக்குக் கொடுத்தேன். டப்பாவைக் கையில் கொடுத்து பாத்ரூமைக் காட்டிய பையன் மெனக்கெட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். முடிவுக்காக வெளியே காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த வயதான அம்மாள் என்ன சோதனை என்பதை எப்படியோ தெரிந்துகொண்டு, திருக்கருகாவூருக்குப் போய் நெய் வாங்கிச் சாப்பிடுங்கள், நிச்சயம் பிள்ளை பிறக்கும் என்று ஆறுதல் சொன்னார். சரிங்கம்மா என்றேன்.

லேப்காரர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தவித்தார்.

“சார், மனச விட்றாதீங்க. ஒண்ணுகூட இல்ல, ஜீரோன்னு வந்திருக்கு. இப்பல்லாம் எவ்வளவோ ட்ரீட்மெண்ட் இருக்கு சார்.”

“ரொம்ப சந்தோஷம்ங்க” என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்ன பிறகுதான் அவர் தெளிந்தார். அப்போதும், ஆண்கள்கூட இதைச் செய்துகொள்கிறார்களா என்று கேட்டார். அவர் லேப் வைத்திருக்கிறவர்.

வெளியே வந்து மனைவிக்கு போன் செய்தேன். அவள் வகுப்பில் இருந்தாள். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஜீரோ என்றேன். கொஞ்ச நேரம் வாய்ப்பாடு மட்டும் கேட்டது. பிறகு அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாலைந்து வருஷமாக அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

“சாயந்தரம் கடைய சீக்கிரம் சாத்திட்டு வாங்க” என்றாள்.